கேளாத காதோடு பொறியியல் பீடத்துக்கு

சகோதரங்களே, எனக்குக் காது கேளாமப் போன கதையைத்தான் சொல்லப்போறன். சுகமாகிட்டன் எண்டு சொல்ல நான் எழும்பேல்லை. இண்டைக்கும் எனக்கு ஒண்டும் கேக்காது. எண்டாலும் ஆண்டவர் என்ர ஜெபத்தைக் கேட்டவர். அதைச் சொல்லாம இருக்க என்னால ஏலாது.

நான் பாலையூற்றில பிறந்து வளந்தவன். அப்பா துறைமுகத்தில கிரேன் ஓட்டினவர். நான் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கயே நெஞ்சுவலி வந்து போயிட்டார். அம்மா தையல் தைச்சுத்தான் என்னையும் தங்கச்சி மேரியையும் வளத்தவ. எனக்குச் சின்ன வயசிலயிருந்து ஒரேயொரு ஆசை, இஞ்சினியர் ஆகவேணும். உயர்தரச் சோதினை எழுதினது எழுபதுகளின்ர தொடக்கத்தில. தமிழில எழுதின பிள்ளையளுக்குக் கூடுதல் புள்ளி வேணும் எண்டு ஆக்கின காலம் அது. கொஞ்சத்தால பல்கலைக்கழகம் தவறிப்போச்சு. எங்கட வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்துது. அம்மா மெஷினில இருந்து தைச்சுக்கொண்டே அழுதவ.

பிறகு கொழும்பில ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில டிப்ளோமாவுக்கு இடம் கிடைச்சுது. அங்க ஒரு விரிவுரையாளர் சொன்னவர், டிப்ளோமாவில முன்னுக்கு வாற ஒண்டிரண்டு பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தில பொறியியல் இரண்டாம் வருஷத்தில சேர்ப்பினமாம். அதைக் கேட்ட நாளிலயிருந்து நான் நித்திரையைக் குறைச்சன். என்னோட ஒரே அறையில இருந்தவன் ஜவாஹிர், கிண்ணியாப் பொடியன். அவனுக்கும் அதே கனவு. அவன் தொழுவான், நான் ஜெபிப்பன், பிறகு ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து கணக்குச் செய்வம்.

கடைசி வருஷம் தொடங்கேக்க எனக்கு இருமல் பிடிச்சுது. ஒருநாள் இருமலோட ரத்தமும் வந்துது. சயரோகம் எண்டிச்சினம். படிப்பை விட்டிட்டு ஆஸ்பத்திரியில மாசக்கணக்காக் கிடந்தன். ஒவ்வொரு நாளும் ஊசி. கொஞ்ச நாளில காதுக்குள்ள வண்டு இரையிற மாதிரிச் சத்தம். நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை.

ஒருநாள் காலமை கண் முழிச்சன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவ. வாய் அசையுது, சத்தமில்லை.

"ஏனம்மா சத்தமில்லாமக் கதைக்கிறீங்கள்?" எண்டு கேட்டன். என்ர குரலே எனக்குக் கேக்கேல்லை. அம்மா ரெண்டு கையாலயும் என்ர காதைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கினா. டொக்டர் வந்து ஒரு கடதாசியில எழுதிக் காட்டினார். மருந்து நெஞ்சைக் காப்பாத்திச்சுது, காது நரம்பைக் கெடுத்துப்போட்டுது, இனித் திரும்பாது.

நானும் அம்மாவும் மேரியும் உபவாசமிருந்து ஜெபிச்சம். சபையார் வீட்டை வந்து, என்ர தலையில கை வைச்சு ஜெபிச்சவை. ஒவ்வொரு முறையும் "ஆமென்" எண்டு அவையின்ர வாய் மூடேக்க, இப்ப கேக்கும், இப்ப கேக்கும் எண்டு காத்திருப்பன். ஒண்டும் இல்லை. அந்த அமைதியைப் போல ஒரு பாரத்தை நான் பிறகு எந்தக் கட்டடத்திலயும் காணேல்லை.

ஒரு பின்னேரம் இறங்குதுறை நுனியில போய் நிண்டன். கீழ தண்ணி. "ஆண்டவரே, ஒண்டில் காதைத் தாரும், இல்லாட்டி என்னை எடும்" எண்டு வாய்விட்டுக் கத்தினன்.

ஆரோ தோளில பிடிச்சு என்னைத் திருப்பினது. பாத்தால் ஜவாஹிர். அவன் டிப்ளோமா முடிச்சு ஊருக்கு வந்திருந்தவன். எங்கட வீட்டை வந்து கேட்டுப்போட்டு என்னைத் தேடி வந்திருக்கிறான். என்ர நாடியைப் பிடிச்சு முகத்தை நிமித்தினான். தன்ர வாயைத் தொட்டுக் காட்டினான். பிறகு ஆறுதலா, உதட்டை விரிச்சு ஏதோ கேட்டான். திரும்பவும் கேட்டான். மூண்டாந்தரம் எனக்கு விளங்கிச்சுது.

"சோறு திண்டியா?"

நான் "இல்லை" எண்டன். அவன் சிரிச்சான். நான் அவனைக் கட்டிப்பிடிச்சு அழுதன். அதுதான் ஆண்டவரின்ர பதில் எண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை, சகோதரங்களே. நான் காதைக் கேட்டன். அவர் ஒரு ஆளை அனுப்பினவர்.

ஜவாஹிரையும் அந்த நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தவை. ஆனா அவன் எடுபடேல்லை. தன்ர கவலையை அவன் என்னோட கதைக்கேல்லை. "எனக்குக் கிடைக்கேல்ல மச்சான். நீ எடு. நீ உன்ர ஆண்டவரிட்டக் கேள், நான் துஆக் கேக்கிறன்" எண்டு கடதாசியில எழுதிக் காட்டினான். ஆறேழு மாசம், கிழமையில பல நாள் கிண்ணியாவிலயிருந்து பாதைப் படகில ஏறி இக்கரைக்கு வருவான். எனக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வாயசைப்பான். "மாடு" எண்டாலும் "பாடு" எண்டாலும் உதட்டில ஒண்டுதான். நான் பிழையாச் சொன்னா, திரும்பத் திரும்பச் சொல்லுவான். நான் எரிஞ்சு விழுந்தா எழும்பிக் குசினிக்குப் போய், அம்மாட்டத் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத் திரும்பி வந்து இருப்பான்.

அடுத்த வருஷம் கொழும்புக்குப் போய், முன்வாங்கில இருந்து விரிவுரையாளர்மாரின்ர வாயைப் பாத்து டிப்ளோமாவை முடிச்சன். நேர்முகத்துக்கும் கூப்பிட்டினம்.

அறைக்குள்ள மூண்டு பேர். முதல் ரெண்டு பேரும் கேட்டது விளங்கிச்சுது, பதில் சொன்னன். மூண்டாவது ஆள்தான் பேராசிரியர். அவருக்குப் பெரிய மீசை, உதடே தெரியாது. அவர் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை. திரும்பக் கேட்டார். "ஆண்டவரே, இவ்வளவு தூரம் கொண்டுவந்திட்டு இந்த மீசையில விழுத்தப்போறீரோ" எண்டு மனசுக்குள்ள அழுதன். பிறகு சொன்னன்.

"சேர், எனக்குக் காது கேக்காது. வாயைப் பாத்துத்தான் விளங்கிறனான். உங்கட வாய் எனக்குத் தெரியேல்லை."

மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். முடிஞ்சுது எண்டு நினைச்சன். பேராசிரியர் எழும்பினார். வெளியில போகச் சொல்லப்போறார் எண்டு நானும் எழும்பினன். அவர் சுவரிலயிருந்த கரும்பலகைக்குப் போய் வெண்கட்டியை எடுத்து, ஒரு இறங்குதுறையைக் கீறினார். நடுவில ஒரு பாரமான லொறி. எந்த இடம் கூட வளையும் எண்டு எழுதிக் கேட்டுப்போட்டு, வெண்கட்டியை என்ர கையில தந்தார். நான் கீறிக் காட்டினன். அவர் இன்னொண்டு எழுதினார். நானும் எழுதினன். சத்தமில்லாம அந்தப் பலகை நிரம்பிச்சுது.

என்னை எடுத்தவை. அந்தப் பேராசிரியர் மற்ற விரிவுரையாளர்மாரிட்டயும் சொல்லி, எனக்காகப் பலகையில கூட எழுத வைச்சவர்.

இதோட முடிச்சா நல்ல சாட்சி. ஆனா முழுக்கச் சொல்லவேணும். கடைசி வருஷம் அம்மாவுக்குச் சுகமில்லாமப் போச்சுது. நான் வந்து சேரேக்க அவ படுத்த படுக்கை. மேரி சுடுதண்ணி வைக்கக் குசினிக்குப் போயிருந்தவ. நான் மட்டும் பக்கத்தில. அம்மா என்ர கையைப் பிடிச்சா. உதடு அசைஞ்சுது. ஆனா அவவின்ர உதட்டில பலமில்லை. எழுத்தெல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்துபோச்சுது. "திரும்பச் சொல்லுங்கோ அம்மா" எண்டு கெஞ்சினன். அவ திரும்பச் சொன்னவ. எனக்கு விளங்கேல்லை. கொஞ்ச நேரத்தில கை தளந்துது. மேரி வரேக்க எல்லாம் முடிஞ்சுது.

என்ர தாய் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை என்னெண்டு எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்துக்காவது காதைத் தந்திருக்கலாமே எண்டு ஆண்டவரோட கனகாலம் கதையில்லாம இருந்தனான். வேதத்தைத் திறக்கேல்லை. ஜவாஹிர் வந்து, செத்தவீட்டில எனக்குப் பக்கத்தில இருந்தவன். அண்டைக்கு அவனும் வாயைத் திறக்கேல்லை.

ஏன் தரேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனா அண்டைக்கு இறங்குதுறையில என்னை விழ விடாதவரை இல்லையெண்டு சொல்ல என்ர வாய் வரேல்லை. அழுது அழுதே திரும்பி வந்தனான். இப்ப மதகும் பாலமும் கட்டுற வேலையில இருக்கிறன். காலமையில வேலை தொடங்க முதல், அந்த இடத்தில நிண்டு நன்றி சொல்லுறனான். முந்தி, தந்தாத்தான் நன்றி சொல்லுவன். இப்ப அப்பிடியில்லை.

இஞ்ச இருக்கிற ஆராவது, கேட்டது கிடைக்காம, கோவத்தோட வந்திருப்பீங்கள். ஆண்டவரை விட்டிடாதேங்கோ. உங்கட கோவத்தையும் அவரிட்டயே சொல்லுங்கோ, அவர் தாங்குவார். கூட்டம் முடிய என்னட்ட வாங்கோ. வெளிச்சத்தில, எனக்கு முன்னால நிண்டு, ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் உங்கட முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டன். ஒருக்கா விளங்காட்டித் திரும்பக் கேப்பன். விளங்கின பிறகு, ரெண்டு பேருமாச் சேந்து ஜெபிப்பம்.