வரகுக் கதிரில் வழுக்கிய வண்டி

கீழப்பழுவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் பார்க்கும் நர்சு நான். இந்த வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். போன தை மாதம், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த வரகுக் கதிரின் மேல் வேகமாகப் போய், வழுக்கி விழுந்தேன். பின்னால் வந்த லாரி என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட கணவர், "வண்டிய வித்துடலாம், இனிமே பஸ்லயே போ" என்றார்.

"பஸ் போவாத ஊர்ல புள்ளத்தாச்சி வலியில கெடந்தா யாருங்க போவா?" என்றேன்.

மறுநாள் வளைந்த ஹேண்டில்பாரை அவரே நிமிர்த்திக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் ரோட்டில் கதிர் கிடந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே கடக்கிறேன். அதற்கு நேரமாகும் என்பதால், வலி கண்டவுடனே ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விழுந்த பிறகு ஒன்பது பிரசவம் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கும் தாமதமாகப் போனதில்லை.