லொறியோடு மெசின் பாலத்தில் ஏறாது

எங்கள் வயல்வெளிக்கு, வட்டைக்குப் போகும் பழைய பாலத்தின் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்தபடிதான் இதை எழுதுகிறேன்.

விளைந்து நிற்கும் என் வேளாண்மையை வெட்டத்தான் அறுவடை மெசின் வந்தது. மெசின்காரர் அதை இறக்காமல், லொறியோடு சேர்த்தே பாலத்தில் ஏற்றப் பார்த்தார். பாலத்தடி அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கும் பாரத்துக்கு மெசின் மட்டும் போகலாம். லொறியும் சேர்ந்தால் கூடிவிடும். அதனால்தான் கதிரையைப் போட்டு மறித்தேன்.

“அது பழைய போர்ட் பெத்தா,” என்றார், பாட்டி வயதான என்னிடம்.

“பாலம் அதவிடப் பழசு மனே. மெசின இறக்கித் தனியா ஓட்டிட்டு வாங்க.”

“இறக்கி ஏத்த எனக்கு நேரமில்ல. எழும்புங்க, இல்லாட்டி உங்கட வேளாண்மைய மழைதான் வெட்டும்.”

“வெட்டட்டும். பாலம் உடைஞ்சா வட்டையில ஒருத்தர்ட நெல்லும் வெளிய வராது.”

இதே மனிதர் முன்பு ஒரு பெரும்போக அறுவடையில், வண்டிகள் கடக்கும் கீழ் மதகை இப்படித்தான் பாரம் ஏற்றி உடைத்துவிட்டுப் போனார். என் நெல் மூட்டைகள் அக்கரையிலேயே நனைந்து முளைத்தன. அன்று அவர் உடுத்திருந்த சாறனின் நிறத்தைக்கூட என்னால் சொல்ல முடியும். அவருக்கோ மதகே நினைவில்லையாம்.

கடைசியில் லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வானம் கறுத்து வருகிறது, என் கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிறது.

மெசினை இறக்கி ஓட்டி வரக்கூடியவர்கள் யாரும் இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே சொல்லுங்கள். நான் வீட்டுக்குப் போனபிறகு லொறியை ஏற்றலாம் என்று அவர் எங்காவது காத்திருந்தால், அவருக்கும் சொல்லிவிடுங்கள்: மத்தியானச் சோற்றை இங்கேதான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.