அலரிக்குக் கட்டிய கூறை

எங்கள் துயரில் வந்து பக்கத்தில் நின்ற உறவுகளே, நண்பர்களே! இன்று முப்பத்தோராம் நாள். இந்த மலரில் அண்ணையின் நற்குணங்களை வரிசையாக எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அண்ணை இருந்திருந்தால் சிரித்திருப்பார். யாருடைய நினைவு மலர் கைக்கு வந்தாலும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்துவிட்டு, “செத்தாப் பிறகு எல்லாரும் தங்கக்கட்டியளாப் போயினம்” என்பது அவர் வழக்கம். ஆகவே அவர் தங்கம்தான் என்பதோடு, சரியான பிடிவாதக்காரர் என்பதையும் தங்கச்சியாகிய நான் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணை பருத்தித்துறைக்கு அண்மையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா காலமானபோது அண்ணை படிப்பை முடித்திருக்கவில்லை. எங்கள் எல்லோருடைய பாரமும் அவர் தலையில் விழுந்தது. நாட்டில் இருக்க ஏலாத காலத்தில் அகதியாக லண்டன் வந்து, பெற்றோல் ஷெட்டிலும் கார் பார்க்கிலும் மாறி மாறி ஷிப்ட் செய்து எங்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார். என்னை இங்கே கூப்பிட்டு, சட்டன் பகுதியில் குடிவைத்து, சீலைத்துணி வாங்குவது முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை பார்த்தவர் அவர்தான். ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் அவரோடு சண்டை பிடித்த நாட்களில்கூடச் சொன்னதில்லை, அந்தச் சண்டைகளோ கொஞ்சநஞ்சமல்ல!

திருமணம் முடித்து மச்சாளோடு ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கினார். மச்சாள் சுவாமிக்குப் பூ வைக்காமல் காலையில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். கடைப்பூவென்றால் முகம் சுளிப்பார். “கண்ணாடித்தாளுக்குள்ள கன நாளாக் கிடந்த பூவைச் சுவாமிக்கு எப்பிடி வைக்கிறது?” என்பார். அண்ணை உடனே போய் ஒரு சட்டி செவ்வலரி வாங்கி வந்து வீட்டின் பின்னால் நட்டார். கோடையில் பூத்தது. மாரியில் உறைபனி விழுந்ததும் இலையெல்லாம் தேயிலைச் சக்கையின் நிறமாகிச் செத்துப்போனது. அடுத்த வருடம் இன்னொன்று நட்டார். அதுவும் செத்தது. “விடுங்கோ அண்ணை, இந்தக் குளிர் நாட்டில அலரி நிக்காது” என்று நான் சொன்னேன். அவர் கேட்டால்தானே?

பிள்ளைகள் வளரும் காலத்தில் அண்ணை தெற்குக் கரையோர ஊர் ஒன்றில் சிறிய கடை ஒன்றை எடுத்தார். மச்சாளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “கடல் பாக்கவோ லண்டனுக்கு வந்தனாங்கள்?” என்று கேட்டார். பிள்ளைகளின் படிப்புக்காக அவர் ரெய்னர்ஸ் லேனிலேயே இருந்தார். அண்ணை கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போனார். அந்தப் பிரிவு இருவருக்கும் கஷ்டமாக இருந்தது. மச்சாள் அதை வாய்விட்டுச் சொன்னார், அண்ணை சொல்லவில்லை.

அங்கேதான் அண்ணை ஒன்றைக் கவனித்தார். ரெய்னர்ஸ் லேனில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுப் புறப்படுகிற காலைகளில், கடையடிக்கு வந்து பார்த்தால் அங்கே நிற்கிற கார்களில் வெறும் ஈரம்தான் இருக்கும். கடலின் சூடு அந்த ஊரை விட்டுப் போவதில்லை. அண்ணை கடையின் பின்முற்றத்தில், வெயில் விழுகிற தெற்குப் பார்த்த சுவரோரம் கொங்கிரீட் கல்லைக் கிளப்பி, தண்ணீர் தேங்காதிருக்க மண்ணோடு சரளைக்கல்லைக் கலந்தார். தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கிய அலரிக் கொப்பைச் சோடாப் போத்தல் தண்ணீரில் வேர்விட வைத்து அங்கே நட்டார். அலரி நஞ்சு என்பதால், தொட்ட கையைக் கழுவாமல் யாரையும் கடைக்குள் விடமாட்டார்.

அங்கே உறைபனி குறைவென்றாலும் காற்றுப் பொல்லாதது. உப்போடு வந்து இளந்தளிரைக் கருக்கிவிடும். செடிகளைப் போர்த்தவென்று தோட்டக் கடையில் விற்கிற வெள்ளைத்துணி ஒரே புயலில் கிழிந்து பறந்தது. ஒரு மாரியில், கிழக்குக் காற்றோடு கடும் குளிர் வரப்போகிறது என்று செய்தியில் சொன்னார்கள். அண்ணை வீட்டு லொஃப்டில் மச்சாள் கட்டி வைத்திருந்த பழைய சேலைப் பையைத் தூக்கிக்கொண்டு போய், வந்தது வந்தபடி எடுத்து அலரியைச் சுற்றிக் கட்டினார். சில நாள் மழையிலும் காற்றிலும் கட்டு அவிழாமல் நின்ற பெருமையில் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார்.

நான் அன்று மச்சாளின் குசினியில் இருந்தேன். படத்தைப் பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு போன் எடுத்தார்.

“இஞ்சேருங்கோ, அந்தச் சிவப்பு என்ன சேலையெண்டு தெரியுமோ?”

“பழஞ்சேலைதானே? நல்ல மொத்தமாக் கிடந்துது.”

“அது என்ரை கூறை!”

கலியாணத்தன்று தன் கையால் தட்டோடு தூக்கிக் கொடுத்த கூறையை அந்த மனிசனுக்கு அடையாளம் தெரியவில்லை! நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மச்சாளின் கண் கலங்கியிருந்ததைக் கண்டபின் சிரிப்பு வரவில்லை. அண்ணை உடனே அவிழ்க்கிறேன் என்றார். ஆனால் மழையிலும் உப்பிலும் சரிகை அதற்குள் கறுத்துவிட்டது. “இனி எனக்கு அது வேண்டாம். அலரியே கட்டிக்கொண்டு நிக்கட்டும். நான் அந்தப் பக்கம் வரமாட்டன்” என்று மச்சாள் போனை வைத்தார்.

சொன்னதுபோல வரவுமில்லை. அந்தக் குளிரில் அயலில் நின்ற பூமரங்கள் எல்லாம் கருகிப்போக, எங்கள் அலரி மட்டும் பிழைத்தது. கோடையில் அது சொரிந்த பூவை அண்ணை வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார். மச்சாள் அதை வாங்கிச் சுவாமிக்கு வைப்பார், “பூவில பிழையில்லை” என்பார். “உம்மடை கூறைதான் அதைக் காப்பாத்தினது. ஒருக்கா வந்து பாருமன்” என்று அண்ணை கேட்பார். “பாக்கலாம்” என்பார் மச்சாள். ஒவ்வொரு மாரியிலும் அண்ணை அந்தக் கூறையையே அலரிக்குக் கட்டினார், ஒவ்வொரு கோடையிலும் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தார்.

கடந்த கோடை முடிவில் அண்ணை ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவரால் அதிகம் கதைக்க ஏலவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, “காத்துக் கிழக்கையோ? கூறையைக் கட்டியாச்சோ?” என்று கேட்டார். வெளியே நல்ல வெயில், மாரிக்கு இன்னும் நாள் கிடந்தது. நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓம், கட்டியாச்சு. நானே கட்டினனான்” என்றார். அண்ணையின் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இறுதிக் கிரியையில் பெரியவர்கள் கூறையைக் கேட்டார்கள். அதை அவர் மேல் போர்த்தி அனுப்புவதுதான் முறை என்றார்கள். மச்சாள் அழுதபடியே தலையாட்டி மறுத்தார். “கட்டியாச்சு எண்டு அவருக்குப் பொய் சொல்லிப்போட்டன். அதை நான் உண்மையாக்க வேணும்” என்றார். அதன் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை.

அண்ணையைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்த தாதிமாருக்கும், சாவுத் துடக்கு நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாதிருந்தபோது நேரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த ரெய்னர்ஸ் லேன் அயலவருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், கடை வாசலில் பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டுப் போன அந்தக் கரையோர ஊர் வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம். கோபித்தால் போன் எடுத்து என்னை ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் ஒன்று நடந்தது. அதையும் எழுதாவிட்டால் அண்ணை என்னை விடமாட்டார். மச்சாள் முதன்முறையாகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். இப்போது கடையை நடத்துகிற அவர்களின் மகன் எங்களைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அலரி சுவரைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலே நின்றது, நுனியில் கடைசிப் பூக்கள் இருந்தன. மச்சாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றார். “இவ்வளவு பெரிசெண்டு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று கேட்டார். வந்து பார் என்று அண்ணை எத்தனை வருடம் சொன்னார்!

மச்சாள் பையைத் திறந்து கூறையை எடுத்தார். மரத்தின் பாதியைச் சுற்றவும் அது காணாது.

“அம்மா, இது இப்ப பெரிய மரம். எந்தக் குளிரையும் தாங்கும். சுத்தத் தேவையே இல்லை” என்றார் மகன். “அப்பா கன வருஷமாச் சும்மாதான் கட்டுறவர்.”

“தெரியும்” என்றார் மச்சாள். “நீ அந்தத் தலைப்பைப் பிடி.”