புரட்டாசி மட்டன்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். ஆனால் ஆட்டையும் கோழியையும் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மலேசியாவில் நாங்கள் இருந்த பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சீன அம்மா சைவக் கடை வைத்திருந்தார். அவருடைய உறைபெட்டியில் சைவ மட்டன், சைவக் கோழி, கடற்பாசியைத் தோலாக ஒட்டிய சைவ மீன், ஆரஞ்சுக் கோடு போட்ட சைவ இறால் என்று சகல ஜீவராசிகளும் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருக்கும். எல்லாம் சோயாவிலும் மாவிலும் செய்தவை. புரட்டாசி எந்தத் தேதியில் பிறக்கிறது என்பது கோயில் குருக்களுக்கு அடுத்தபடியாக அந்த அம்மாவுக்குத்தான் சரியாகத் தெரியும். பெருமாளுக்காக ஒரு மாதம் நாக்கைக் கட்டுகிறோம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எங்கள் நாக்கு ஒரு நாளாவது கட்டுப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்குப் பத்து வயதான வருடம் புரட்டாசியை எங்கள் எல்லோரையும்விட ஆவலாக எதிர்பார்த்தவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு அடுத்த லோரோங்கில், ஒரு சந்து தள்ளி, அவர் வீடு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால், தமிழ்ப்பள்ளி விட்டதும் வேன் என்னை அவர் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். சின்னம்மாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் குழந்தை இல்லை. அந்த வருடம்தான் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் மூன்று கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகுதான் மற்றதைப் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் குறித்துக் கொடுத்த நாள், புரட்டாசி முடிந்த மறு திங்கள்.

சின்னம்மாவுக்கு அதில் பெருமாளின் கையே தெரிந்தது. "மாசம் முழுக்க சைவம்தானே, எடை தானா இறங்கிடும் லா," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் தலையாட்டினார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெரியவர்கள் பேசும்போது வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருப்பதில் நான் கெட்டிக்காரி. சின்னம்மா மெலிந்தால் பாப்பா வரும் என்பதுவரை எனக்குப் புரிந்திருந்தது.

சித்தப்பா சிங்கப்பூரில் ஒரு உறைந்த உணவுத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போனால், பொழுது சாய்ந்துதான் வருவார். நாள் முழுக்கப் பொட்டலம் கட்டுகிறவர் என்பதாலோ என்னவோ, பொட்டலத்தில் வந்த எதையும் வாயில் வைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் செடெனாக்கில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய், கொல்லையில் விளைந்த முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பாகற்காய் என்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வருவார். மனைவியின் எடை குறைய அவர் செய்த உதவி அது. அதிகம் பேசாத மனிதர். மூட்டையை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டு, கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போவார்.

கீரை அங்கேயே கிடந்து மஞ்சளாகிப் போகும். காரணம் நான்தான். கீரையைக் கண்டால் என் முகம் அஷ்டகோணலாகிவிடும். மத்தியானம் அந்த வீட்டில் சாப்பிடுவது நானும் சின்னம்மாவும் மட்டும். "இன்னைக்கு என்னாம்மா வேணும்?" என்று கேட்பார். நான் மட்டன் என்பேன். உடனே பொட்டலத்தை எடுத்துப் பனி விட வைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, சோம்பும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டுவார். அந்த வாசனை லோரோங் முழுக்க நிற்கும். எனக்கு ஒரு கரண்டி வைத்தால் தனக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொள்வார். சைவம்தானே, தப்பில்லையே.

சின்னம்மாவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பொட்டலத்துக்குள் தப்பித்தவறி முட்டை கலந்திருந்தால் விரதம் போய்விடும். பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அதனால் பிரிப்பதற்கு முன் என்னிடம் நீட்டி, "முட்டை இருக்கா பாரு," என்பார். மலாயில் அச்சடித்திருந்ததை நான் விரல் வைத்துப் படிப்பேன். கோதுமை மாவு, சோயா, செம்பனை எண்ணெய், சீனி, உப்பு, அப்புறம் வாயில் நுழையாத நாலைந்து பெயர்கள். முட்டை இல்லை.

"இல்ல, சின்னம்மா," என்பேன்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். மற்றதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எண்ணெயும் சீனியும் மாவும் உடம்பை ஊத வைக்கும் என்று நலக்கல்வி ஆசிரியை கரும்பலகையில் ஒரு குண்டு மனிதரை வரைந்தே காட்டியிருந்தார். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் மட்டன் நின்றுவிடுமே.

சனிக்கிழமை காலையில் எடை பார்ப்போம். அதைப் பார்ப்பதற்கென்றே நான் ஓடி வந்துவிடுவேன். சின்னம்மா குளித்துவிட்டு, வளையல், தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வைத்து, தாலியை மட்டும் விட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இயந்திரத்தில் ஏறுவார். முதல் சனிக்கிழமை அரைக் கிலோ குறைந்திருந்தது. அன்றைக்குக் கோயிலில் அவர் பிராகாரம் சுற்றிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை, போன அரைக் கிலோ திரும்பி வந்துவிட்டது. தரை சமமாக இல்லை என்று சொல்லி, இயந்திரத்தைக் கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து குளியலறை வாசலுக்கும் நகர்த்தினோம். வீடு முழுக்க ஒரே எடையைத்தான் காட்டியது. மூன்றாவது சனிக்கிழமை இன்னும் ஒரு அரைக் கிலோ ஏறியிருந்தது. சின்னம்மா இயந்திரத்தை விட்டு இறங்கவே இல்லை. அதன்மேல் நின்றபடியே அழுதார். அழுதால் கொஞ்சம் குறையுமோ என்று நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சித்தப்பாவுக்கு விடுமுறை. சத்தம் கேட்டு வந்தவர், என்னதான் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். எல்லாம் சைவம், ஒரு முட்டைகூடத் தொடவில்லை என்று சின்னம்மா விம்மினார். சித்தப்பா ஐஸ்பெட்டியைத் திறந்தார். கீழே மஞ்சளாகிப் போன கீரையைப் பார்த்தார். மேலே அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "முழுசா படிம்மா," என்றார்.

படித்தேன். ஒன்று விடாமல், தமிழிலும் சொல்லிச் சொல்லிப் படித்தேன்.

"இது செடியில விளைஞ்சது இல்ல," என்று சின்னம்மாவிடம் மெதுவாகச் சொன்னார் சித்தப்பா. "என்னை மாதிரி ஆளுங்க மெஷின்ல விளைய வைக்கிறது."

சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இதெல்லாம் எழுதியிருந்துச்சா?"

"நீங்க முட்டையைத்தானே கேட்டீங்க," என்றேன்.

இருபது வருடமாகப் போகிறது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு இருந்தது இரண்டே வாரம். பொட்டலங்களைச் சித்தப்பா பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனபோது, "ரெண்டு இருக்கட்டும், புள்ளைக்கு வேணும்," என்று சின்னம்மா பிடித்து வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் பொரித்துப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அவித்த கீரையையும் வாழைத்தண்டையும் தின்றார். பாகற்காயை உப்பு குறைத்துச் சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வார். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடப்பார். நானும் என் பங்குக்குப் பாவத்தைக் கழுவப் பார்த்தேன். வீட்டில் இருந்த கிச்சாப், சாஸ், பிஸ்கட் டின், டின் பால் என்று ஒன்று விடாமல் பின்பக்கத்தை உரக்கப் படித்தேன். மூன்றாம் நாள், சாமி கும்பிடும் சூடப் பெட்டியையும் நான் எடுத்தபோது, போதும்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனாலும் எனக்குத் தனியாகச் சாப்பிட்ட மட்டன் ருசிக்கவில்லை. அவர் முன்போல என்னோடு சாப்பிட வேண்டும் என்றிருந்தது. ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன். "உங்களுக்குத்தான் நான் இருக்கேனே, சின்னம்மா. எதுக்கு மெலியணும்?"

சின்னம்மா என் தலையைத் தடவினார். "சாயங்காலமானா உங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கல்லம்மா," என்றார்.

அது உண்மைதான்.

கடைசிச் சனிக்கிழமை முள் போய் நிற்க வேண்டிய கோட்டில் நின்றது. மூன்று கிலோ குறைந்திருந்தது, ஒரு மயிரிழை கூடுதலாகவே. சின்னம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இயந்திரத்தில் ஏறினார். முள் எங்கேயோ பறந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சித்தப்பாவும் கதவோரம் நின்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அவர்கள் டாக்டரிடம் போனார்கள். எடை சரியாக இருந்ததாம். டாக்டர் பாராட்டினாராம். ஆனால் அதற்குள், முதலிலேயே எடுத்திருந்த மற்றப் பரிசோதனைகளின் முடிவும் வந்திருந்தது. இனி எத்தனை கிலோ குறைத்தும் பிரயோசனமில்லை, சின்னம்மாவுக்குக் குழந்தை தங்க வழியில்லை என்று அந்த முடிவு சொல்லிவிட்டது. இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் வேலைக்குப் போகிற பெண்ணாகியிருந்தேன்.

அன்று வேன் என்னை இறக்கிவிட்டபோது சித்தப்பா வாசலில் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த மோட்டார். உள்ளே சின்னம்மா நல்ல சேலையை மாற்றாமலேயே அடுப்படியில் நின்றார். "இன்னைக்கு என்னாம்மா வேணும்?" என்று கேட்டார். மட்டனா என்று சந்தேகமாக இழுத்தேன். சரி என்றார். கோழி என்றேன். அதற்கும் சரி என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு சைவக் கடைக்கு நடந்தே போய், நான் கைகாட்டியதையெல்லாம் வாங்கினார். பொட்டலத்தைப் புரட்டிப் படிக்க எடுத்தேன். "அதெல்லாம் வேணாம். இனிமே என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்," என்றார். வீட்டுக்கு வந்து பொரித்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னோடு போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு தட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அதுவரை வந்ததில்லை.

அம்மா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு நானே வீட்டுக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார்.

"சின்னம்மா பாஸாயிட்டாங்கம்மா," என்றேன். "இனிமே கீரையே வேணாமாம். என்ன வேணும்னாலும் சாப்பிடலாமாம். என்கூட ரெண்டு தட்டு மட்டன் சாப்பிட்டாங்க."

அம்மா தோளில் பை தொங்க, வெறுங்காலோடு, திறந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த லோரோங்கைப் பார்த்து ஓடினார். அம்மா தெருவில் ஓடி நான் பார்த்ததே இல்லை. மட்டன் தீர்ந்துவிடும் என்றுதான் ஓடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று வாசலில் நின்று கத்தினேன்.