எட்டரை மணித் தாழ்ப்பாள்

துருப்பிடித்த இரும்புத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டுக்கொண்டே போய்க் குழிக்குள் விழும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் ஜெப வீட்டில் ஞாயிறுதோறும் சரியாக எட்டரை மணிக்கு அந்தத் தாழ்ப்பாள் விழும். அதற்கப்புறம் யார் வந்தாலும், கொட்டுகிற மழையில் நின்றாலும், கதவு திறக்காது. ஆண்டவர் மறுபடி பூமிக்கு வரப்போகும் அந்த "வருகை" சொல்லாமல் கொள்ளாமல்தான் இருக்கும், விழிப்பாக இல்லாதவன் வெளியேதான் நிற்பான், அதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்பது சபையை நடத்திய மூப்பரின் ஏற்பாடு. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கும் திருவிருந்து. தொடர்ந்து மூன்று திருவிருந்துக்கு வெளியே நின்றவர்களின் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். ராத்திரி வேலை முடிந்து மின்சார ரயில் பிடித்து வருவதற்குள் தாழ்ப்பாள் விழுந்து, தொடர்ந்து இரண்டு திருவிருந்து தவறிப்போயிருந்தது. மூன்றாவதற்கு யார் யாரிடமோ கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு, வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்பி நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் இரண்டு வயதுப் பையன், பாட்டிலில் இருந்த "கிருஷ்ணாயிலை" எடுத்துக் குடித்துவிட்டான். மண்ணெண்ணெய்க்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழ, அம்மா என்னைப் பார்த்து, "நீ முன்னாடி போ, நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினாள்.

நான் போய்க் கதவை ஒட்டிய பாயில் உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் விழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும், கதவு தட்டும் சத்தமும் கூடவே அம்மாவின் குரலும் கேட்டன.

"கொயந்த கிருஷ்ணாயில குடிச்சிட்சி ஐயா. டாக்டராண்ட காட்டிட்டு ஓடியாறேன். இந்த ஒரு வாட்டி தொறங்க."

மூப்பர் பிரசங்கத்தை நிறுத்தினார். "காரணம் எல்லாருக்கும் இருக்கும்மா. ஆயத்தமா இல்லாதவங்களுக்காக ஆண்டவர் காத்துகினு இருக்க மாட்டார்" என்று மூடின கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அங்கே இருந்த எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். பாதிப் பேருக்கு அவள் ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றிருக்கிறாள். ஒருத்தர்கூடக் கதவுப் பக்கம் வரவில்லை. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. நானும் எழுந்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அம்மா செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வாந்தியெடுத்த வெள்ளைப் புடவை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. மூப்பர் அவளைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பேர அடிச்சா அடிச்சிக்கினு போட்டும். புள்ள பொயச்சிக்கிச்சி" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் பெயரை அடித்தும்விட்டார்கள்.

இதைக் கேட்டால் சிலர், அவர் பக்தி வைராக்கியத்தில் செய்தார் என்கிறார்கள். என்ன வைராக்கியம்? அன்றைக்கு அந்தத் தெருவில் விழித்துக்கொண்டிருந்தது அம்மா ஒருத்திதான். நாங்களெல்லாம் உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினோம்.

அந்த ஜெப வீடு இப்போது இல்லை. அடுக்குமாடி வீடு கட்டி, அந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். மூப்பரும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் இப்போது போகும் சபையில் கண்ணாடிக் கதவு, ஏசி. எத்தனை மணிக்கு வந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. "ஆயத்தமா?" என்று மேடையிலிருந்து கேட்கிறார்கள், எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள். நான் தூக்குவதில்லை. கதவை ஒட்டிய கடைசி நாற்காலியில்தான் வாரம் தவறாமல் உட்காருகிறேன். அங்கிருந்து எழுந்து கதவைத் திறக்க இரண்டு எட்டுகூட வைக்க வேண்டாம். அன்றைக்கும் அவ்வளவுதான் தூரம்.