லேமினேஷன் போட்ட நட்சத்திரம்

ரெண்டு ஆள் உயர டேங்கை ஒத்தை ஆளாக வெல்டிங் வைத்தவன் நான். அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றது. இன்றைக்குச் செம்மங்குப்பத்தில் சொந்தப் பட்டறை. நான் பயந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிதம்பரம் போகிற பஸ்ஸில்தான் முதல்முதலாகப் பயந்தேன். மடியில் ஒரே ஒரு தபால் கவர்.

நான் ஸ்டாம்ப் சேர்க்கிறவன். விழாவுக்கென்று அடிக்கிற பகட்டு ஸ்டாம்ப் இல்லை. அன்றாடத் தபாலுக்கு வருஷக்கணக்காக அடிப்பார்களே, அதில் பதக்கமும் நட்சத்திர விருதும் போட்டது மட்டும். என் சட்டையில் எவனும் பதக்கம் குத்தவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். ராஜா ஆளும் ஒரு சின்ன நாட்டு வரிசையில் மொத்தம் பதினெட்டு, என்னிடம் பதினேழு. பாக்கி ஒன்று, எட்டுமுனை நட்சத்திரம், சிதம்பரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் பாயிடம் இருந்தது. அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன அவர் அண்ணன், மவுத்தாவதற்கு முன் கடைசியாகப் போட்ட கடிதத்தின் கவரில்.

"ஸ்டாம்ப் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போ மச்சான். முடிஞ்சதும் அப்படியே திரும்பி வரணும்" என்று கொடுத்தார் பாய்.

கடலூர் உப்புக்காற்று இரும்பையே தின்கிறது, காகிதம் எம்மாத்திரம்? என் வீட்டில் பட்டா, ரேஷன் கார்டு, அப்பா போட்டோ எல்லாமே லேமினேஷன்தான். பாய் பொருளுக்கும் அந்த மரியாதை வேண்டாமா? ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் போட்டுவிட்டேன்.

கண்காட்சியில் நடுவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "ஐயா, இனி இதை உரிச்சா ஸ்டாம்ப்பும் சேர்ந்து கிழியும். ஆமா, உள்ள என்னமோ மடிச்சிருக்கே?"

கடிதம். வெறும் கவர் என்றல்லவா நினைத்தேன்! அண்ணன் மவுத்தான நாளில் வருஷா வருஷம் பாய் அதை எடுத்துப் படிப்பார். அந்த நாள் அடுத்த வாரம்.

துணிக்கடையில் பாய் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், நாளைக்கு நான் படுத்துட்டா என்னையும் லேமினேஷன் போட்டுடுவியா?"

சொன்னவர் சிரிக்கவில்லை. ஒரு பிளேடை என் பக்கம் தள்ளினார். "தகடை நூல் பிடிச்சாப்ல வெட்டுவேன்னு பீத்திக்குவியே. வெட்டு."

கவரின் மேல் ஓரம், ஒரு மயிரிழை. அதற்குமேல் போனால் கடிதம் போச்சு. எத்தனை ஆயிரம் தகடு வெட்டிய கை! வியர்வையில் பிளேடு வழுக்கியது. பிளாஸ்டிக்கோடு நூல்போல் ஒரு கீற்று வந்தது. அதில் நீல மசி.

நிறுத்திவிட்டேன். பாய்தான் விரல் விட்டுக் கடிதத்தை உருவி விரித்தார். முழுசும் படித்தார்.

"தேதி மட்டும்தான் போயிருக்கு" என்றார். "அது எனக்கு மனப்பாடம்."

கவரை என்னிடமே நீட்டினார். "இந்த பிளாஸ்டிக் எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்க."

"வேணாம் பாய்" என்று சொல்லி வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஆல்பத்தில் பதினெட்டாவது இடம் காலிதான். இப்பவும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் சூடான பிளாஸ்டிக் வாசனை அடித்தால், அடுத்தவர் காகிதம் ஏதும் இருக்கிறதா என்று சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.