வாசலில் நின்ற குரல்

லண்டனின் பெர்மாண்ட்சியில், தோல் பதனிடும் குழிகளின் நாற்றத்துக்கு நடுவே, சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் கூலியாகத் தொடங்கியவன் நான். இன்று என் லாயத்தில் சவ வண்டி இழுக்கும் ஆறு கறுப்புக் குதிரைகள் நிற்கின்றன. யாரும் தூக்கிவிடவில்லை. ஞாயிற்றுப் பள்ளியில் படித்த எழுத்துதான் கையிருப்பு. அதைக் கொண்டே, என்னிடம் வேலை பார்த்த ஜேபஸ் பெட்டிஃபரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜேபஸ் ஒரு ‘மியூட்’. ஆங்கிலத்தில் ஊமைக்கும் அந்தச் சொல்தான். இழவு வீட்டு வாசலில் கறுப்புத் துணி சுற்றிய கோலுடன் முதலாளி போகச் சொல்லும்வரை வாய் திறக்காமல் கூலிக்கு நிற்பவனுக்கும் அதே சொல்தான். லத்தீனிலிருந்து வந்தது, உதடு மூடி எழும் ‘ம்’ ஓசையே அதற்கு மூலமாக இருக்கலாம் என்பார் எங்கள் பாதிரியார். இருக்கட்டும். அந்த மௌனத்தை விலைக்கு விற்றுக் காட்டியவன் நான்.

வேலை முடிந்தால் ஜேபஸ் பெரிய வாயாடி. ஆனால் என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பதினைந்தாம் வருடம் முதல், கோலைக் கீழே வைத்த பிறகும் குரல் உடனே திரும்பவில்லை. முதலில் கால் மணி நேரம் ஆனது. பிறகு அரை நாள். அப்புறம் மறுநாள் மதியம்தான் வந்தது.

“எங்கேயோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு முதலாளி.”

“ஜின் கடையில தேடிப் பாருடா,” என்றேன்.

விலாங்கு மீன் விற்கும் விதவை கெசையாவுடன் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று காலையில் தேவாலயத்தில் பாதிரியார் கேட்கும்போது வாய்விட்டுச் சம்மதம் சொல்லியாக வேண்டும். அதற்கு முதல் நாள்தான் ஒரு பெரிய பீர் ஆலைக்காரரின் சவ ஊர்வலம் என் கைக்கு வந்தது. கெசையா கடைக்கே வந்துவிட்டாள்.

“இந்த ஒரு தடவை வேற ஆளை நிறுத்துங்க முதலாளி. நாளைக்கு அவர் வாய் எனக்கு வேணும்.”

“ஜேபஸ் மாதிரி நிக்க லண்டன்ல ஆள் கிடையாதும்மா.”

“சும்மா நிக்க விளக்குக் கம்பம் போதாதா?”

நான் கேட்கவில்லை. ஜேபஸ் நின்றான். இமைகூட அசையவில்லை. அப்படியொரு ஊர்வலத்தை அந்தப் பக்கம் வேறு யாரும் நடத்தியதில்லை.

மறுநாள் பாதிரியார் கேட்டார். ஜேபஸின் உதடுகள் அசைந்தன, ஒலி இல்லை. மறுபடி கேட்டார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். பாதிரியார் புத்தகத்தை மூடப் போனார்.

“சம்மதம்.”

மூக்கால் இழுக்கும் ஜேபஸின் குரலேதான். ஆனால் எங்களுக்குப் பின்னால், தேவாலய வாசலிலிருந்து வந்தது. திரும்பினோம். திறந்த கதவு, படிக்கட்டில் வெயில், ஆளில்லை. ஜேபஸ் மட்டும் திரும்பவில்லை.

பாதிரியார் வாசலையும் ஜேபஸையும் மாறி மாறிப் பார்த்தார். “இது செல்லுமான்னு...”

“குரல் இவரோடதுதானே ஐயா? எழுதுங்க,” என்றாள் கெசையா.

அதன்பின் ஜேபஸை நான் எந்த வாசலிலும் நிறுத்தவில்லை. லாயத்தில் வேலை கொடுத்தேன். அவன் பேசவேயில்லை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜேபஸ் அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். கெசையா தேநீர் ஊற்றிக்கொண்டே, திறந்த கதவைப் பார்த்துச் சொன்னாள்: “ஆறிப்போகுது. இன்னைக்காவது உள்ள வாங்களேன்.”

வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது. “முதலாளி இன்னும் போகச் சொல்லலையே.”

எழுந்து நின்று, “போதும் ஜேபஸ், உள்ள வாடா,” என்று உரக்கச் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். வாசலைத் தாண்டி எதுவும் உள்ளே வரவில்லை. அடுப்பருகே இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கெசையா ஒரு கோப்பையை எடுத்துப் போய் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.